மூன்று வாரப் பந்தயமும் என் கால்களும்

செருப்பு கழன்று விழுந்தது எனக்குத் தெரியவில்லை. அருப்புக்கோட்டையில் எங்கள் பாத்திரக் கடையிலிருந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த ஒரு பெண்தான் எடுத்துக் கொடுத்தார். மறுநாள் காலை இரண்டு கால்களும் முழங்கால் வரை மரத்திருந்தன. அதற்கடுத்த நாள் கட்டிலை விட்டு எழ முடியவில்லை.

மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்த மருத்துவர், ஜி.பி.எஸ். என்றார் (கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடம்பின் ஆற்றல் நம் நரம்புகளையே தாக்கிவிடும் நோய்). காலில் தொடங்கி மேலே ஏறும், மூச்சுவிடும் தசைகளைத் தொட்டுவிட்டால்தான் ஆபத்து என்றார். மூச்சின் பலத்தைப் பார்க்க, தினமும் என்னை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்து ஒருநாள் குறையாமல் நின்றது; நோய் ஏறுவது நின்றுவிட்டது என்றார். என் கணவர் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தார். முகத்தைக் கழுவியிருந்தார், ஆனாலும் தெரிந்தது.

உயிருக்குப் பயமில்லை என்று வீட்டுக்கு அனுப்பும்போது, நடப்பேனா என்று கேட்டேன். பெரும்பாலானவர்கள் நடந்துவிடுகிறார்கள், மாதக்கணக்காகும் என்றார் மருத்துவர். அந்தப் பெரும்பாலானவர்களில் நான் உண்டா என்பதுதான் அதன்பிறகு என் ஒரே கேள்வி. இதே நோயோடு படுத்துக்கொண்டு இதைப் படிக்கிற உங்களுக்கும் அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டில், நோயைவிட நலம் விசாரிக்க வந்தவர்கள் படுத்திய பாடு பெரிது. பாலவனத்தத்திலிருந்து என் தாய்மாமா, மல்லாங்கிணற்றிலிருந்து கணவரின் அத்தை, இன்னும் யார் யாரோ. ரொட்டிப் பொட்டலத்தை வைத்துவிட்டு என் காலைத் தொட்டுப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். வாதம் என்பார் ஒருவர், கண்ணேறு என்பார் இன்னொருவர். என்னை வைத்துக்கொண்டே என்னைப் பற்றி நடக்கும் பட்டிமன்றம் அது.

அந்த ஜூலையில் என் கொழுந்தன் முருகேசன் எங்கள் வீட்டுக்குக் கேபிள் இணைப்பு வாங்கினார். சாயங்காலம் விளையாட்டுச் சேனலில் பிரான்சு நாட்டின் சைக்கிள் பந்தயம் வந்தது. மூன்று வாரம், நாளொரு தூரம், நடுவில் மலைகள். வந்தவர்கள் என் கால்களை விட்டுவிட்டு அந்தக் கால்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்குப் பெரிய விடுதலை. அதற்காகவே தினமும் போடச் சொன்னேன்.

ஒரு வாரத்தில் எல்லோருக்கும் அபிப்பிராயம் வந்துவிட்டது. தின்றுகொண்டே மிதித்தால் எப்படிச் செரிக்கும் என்பது அத்தையின் கவலை. மாமாவுக்கு, முன்னணியில் இருந்த மஞ்சள் சட்டைக்காரனைப் பிடிக்கவே இல்லை.

"ஒரு நா கூட மொதல்ல வரல. இவனுக்கு எதுக்குப்பா சட்ட?"

எல்லா நாளும் ஆன நேரத்தைக் கூட்டிப் பார்த்து, குறைவாக ஆனவனுக்குத்தான் மஞ்சள் சட்டை கொடுப்பார்கள் என்று முருகேசன் விளக்கினார். மாமா ஒப்பவில்லை. நானும் மாமா கட்சிதான். மலை வந்தாலே கூட்டத்தை உதறிவிட்டுத் தனியாகப் பறக்கும் ஓர் ஒல்லிப் பையன் இருந்தான். அவன்தான் என் ஆள். காத்திருக்கத் தெரியாதவர்களை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

பிசியோதெரபிஸ்ட் (பயிற்சியால் தசைகளுக்குப் பலம் சேர்ப்பவர்) வாரம் இருமுறை வந்தார். வாக்கர் என்ற நடைச் சட்டத்தைப் பிடித்து நான் நாலைந்து அடி நடந்ததும் உட்கார வைத்துவிடுவார். களைப்பதற்கு முன்னால் நிறுத்துவதுதான் இதற்கு மருந்து என்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் எல்லோரும் கடைக்குப் போன நேரம் பார்த்து, கூடத்தைக் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். விழவில்லை. பெருமை தாங்கவில்லை.

மறுநாள் கால்களைத் தூக்க முடியவில்லை. நோய் திரும்பிவிட்டது என்றே நினைத்தேன். கணவர் தொலைபேசியில் மருத்துவரிடம் கேட்டார். மூச்சுத் திணறல் இல்லையே என்று விசாரித்துவிட்டு, இது நோயில்லை, அளவுக்கு மீறி உழைத்த தளர்ச்சி, படுத்திருந்தால் பலம் திரும்பும் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அன்று சாயங்காலப் பந்தயத்தில் என் ஒல்லிப் பையன் மலை தொடங்கும்போதே பின்தங்கினான். முந்தின நாள் அவன் காட்டிய வேகமென்ன, இன்று தலை தொங்கிக் கிடப்பதென்ன. கெடு நேரத்துக்குள் வராவிட்டால் வெளியேற்றிவிடுவார்கள் என்றார் முருகேசன். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"நேத்தே எல்லாத்தையும் மிதிச்சுத் தீத்துட்டா இன்னைக்கு எதை வச்சு மிதிப்ப? இன்னைக்கும் மலை இருக்குன்னு தெரியாதா ஒனக்கு?"

கணவர் டிவியைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவனுக்குத் தமிழ் தெரியாது. தெரிஞ்சவுகளாச்சும் கேட்டுக்கிட்டாச் சரி."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். நோய் வந்தபிறகு நான் சிரித்தது அன்றுதான்.

அதன்பிறகு கடைசியில் வருகிறவர்களைக் கவனிக்கத் தொடங்கினேன். மலையில் அவர்கள் கூட்டமாகச் சேர்ந்துகொண்டு, கெடுவுக்குள் போய்ச் சேரும் அளவுக்கு மட்டும் மிதித்தார்கள். மறுநாள் காலை புறப்படும் வரிசையில் அவர்களும் நின்றார்கள். என் கால்களுக்கும் இரண்டு மூன்று நாளில் பலம் திரும்பியது.

கடைசி நாள், முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் கரண்டு போய்விட்டது. மாமாவும் முருகேசனும் அடுத்த தெருவில் கரண்டு இருக்கிறதென்று ஓடினார்கள். மஞ்சள் சட்டையை இப்போது மாமாவே ஆதரித்தார். கணவர் மெழுகுவத்தி ஏற்றினார். நான் வாக்கரைப் பிடித்து எழுந்து கூடத்தின் பாதிக்கு வந்தேன். வாசல் எதிரே இருந்தது. கால்கள் போகலாம் என்றன.

"வாசல் வரைக்கும் போயிருவ போலயே," என்றார் அவர்.

"போயிருவேன். நாளைக்குப் போறேன்," என்று சொல்லிவிட்டு அங்கேயே நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தேன்.

எழுந்ததிலிருந்து படுக்கும்வரை உடம்பின் பலத்தையெல்லாம் தீர்த்துவிடுவதுதான் என் பழக்கம். நாளை என்பது தானாக வந்து நிற்கும் என்று நினைத்திருந்தேன். அன்றுதான் முதல்முறையாக அதற்கென்று கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு படுத்தேன்.

விடிந்ததும் கால்விரல்களை அசைத்துப் பார்த்தேன். அசைந்தன. காப்பி குடித்துவிட்டு வாசலுக்குப் போனேன்.