எட்டு ஆகாத வீட்டில் மூன்று நாள்

குற்றாலத்துக்கு நான் குளிக்கப் போகவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளித்தேன், அது வேறு விஷயம். ஜூலை கடைசி வாரம், சாரல் அமோகமாக இருந்த நேரத்தில், நான் மதுரையிலிருந்து கிளம்பிப் போனது என் தங்கை இசக்கி டிரைவிங் டெஸ்டில் ஸ்கூட்டரில் எட்டுப் போடுவதைப் பார்க்க. ஏற்கெனவே இரண்டு முறை போய், இரண்டு முறையும் காலைத் தரையில் ஊன்றித் தோற்றுவிட்டாள். வியாழக்கிழமை மூன்றாவது டெஸ்ட். சனிக்கிழமையோடு அவளுடைய எல்.எல்.ஆர். முடிகிறது.

லைசென்ஸ் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு, அதற்கென்ன இப்போது என்று கேட்பீர்கள். இசக்கி லேப் டெக்னீஷியன் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு பதினான்கு வருடமாக வேலைக்குப் போகவில்லை. இப்போது தென்காசியில் ஒரு பரிசோதனை நிலையத்தில் ஆள் எடுக்கிறார்கள். விடியற்காலையில் வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களிடம் ரத்தம் எடுத்து வரவேண்டும். ஆறு மணிக்குள் அச்சன்புதூர் மாதிரி பக்கத்து ஊர்களுக்குப் போய்ச் சேர பஸ்ஸை நம்பிப் பயனில்லை. திங்கட்கிழமை லைசென்ஸோடு வந்தால் வேலை, இல்லையென்றால் அடுத்த ஆள் என்று சொல்லிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை 6.10க்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். சுமார் 160 கிலோமீட்டர், டிக்கெட் 150 ரூபாய். ராஜபாளையத்தில் டீக்குப் பத்து நிமிடம் நிறுத்தி, 10.35க்குத் தென்காசியில் இறக்கிவிட்டார்கள். வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், ராஜபாளையம் தாண்டியதும் மலை கூடவே வரும். பஸ் ஸ்டாண்டிலிருந்து தங்கை வீடு இருக்கும் இலஞ்சிக்கு நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 130 ரூபாய்.

வந்த காரியத்தை ஆட்டோக்காரத் தம்பியிடம் சொல்லித் தொலைத்தேன்.

"எட்டா? எட்டு ஆகாதுக்கா. எங்க அண்ணாச்சி, வண்டி நம்பரைக் கூட்டினா எட்டு வருதுன்னு வண்டியவே வித்துட்டாரு. எட்டைப் பெருக்கப் பெருக்கத் தேஞ்சுக்கிட்டே போகும், பாத்துக்கிடுங்க. பதினாறைக் கூட்டினா ஏழு, இருவத்திநாலுக்கு ஆறு, முப்பத்திரெண்டுக்கு அஞ்சு..."

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா வர என்னால் ஆகாது. "நிறுத்தாதீங்க தம்பி, எழுபத்திரெண்டு வரைக்கும் போங்க. ஒன்பது வரும். எண்பதுக்குத் திரும்பவும் எட்டு. எங்க தேஞ்சுது?" என்றேன். விஷயம் இவ்வளவுதான்: ஓர் எண்ணோடு ஒன்பதைக் கூட்டினால், இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போய்க் கடைசியில் கிடைக்கும் ஒற்றை எண் மாறாது. எட்டு ஒன்பதுக்கு ஒன்று குறைவு, அதனால் ஒவ்வொரு தடவையும் ஒன்று குறைகிறது. எட்டு அவருடைய எண் என்கிறார்களே, அந்தச் சனீஸ்வரனுக்கு இதில் என்ன வேலை?

விடாமல் பெருமையும் பேசினேன். எட்டு என்பது 2×2×2. பக்கத்து வீட்டு ஒன்பது 3×3. ஒன்றைத் தாண்டிவிட்டால், ஓர் எண்ணைத் தன்னோடு தானே பெருக்கிக் கிடைக்கிறவை இப்படி அடுத்தடுத்து வருவது இந்த ஓர் இடத்தில் மட்டும்தான். மூன்று, ஐந்து, ஏழு என்று எந்த ஒற்றைப்படை எண்ணை வேண்டுமானாலும் வர்க்கமாக்கி ஒன்றைக் கழியுங்கள்: 8, 24, 48. எல்லாம் எட்டால் வகுபடும். எட்டு முழ வேட்டியைக் கட்டிக்கொண்டு, எண்சாண் உடம்பைத் தூக்கிக்கொண்டு எட்டுத் திக்கும் சுற்றுகிற ஜனங்கள், வண்டி நம்பரில் மட்டும் எட்டு ஆகாது என்றால் எப்படி?

"டீச்சராக்கா நீங்க? அப்பமே நெனச்சேன்" என்றார் தம்பி. 130 ரூபாயில் பைசா குறைக்கவில்லை.

சாயங்காலம் தென்னந்தோப்பை ஒட்டிய காலி மனையில் இசக்கி வண்டி ஓட்டிக் காட்டினாள். வலப்பக்கமாக ஒரு வட்டம், நிறுத்தினாள். இடப்பக்கமாக ஒரு வட்டம், நிறுத்தினாள்.

"ஏட்டி, எட்டு எங்கன?"

"இதான்க்கா. ரெண்டு வட்டமும் சேந்தா எட்டுதானே?"

"நீ சேக்கவே இல்லையேட்டி!"

தலையைக் குனிந்துகொண்டாள். "நான் பொறந்தது பதினேழு. கூட்டினா எட்டு. எட்டுக்கு எட்டு ஆகாது, வீட்டுப் பக்கத்துல போடாத, டெஸ்ட்டுல மட்டும் போட்டாப் போதும்னு அவுக சொல்லுதாக."

அவுக என்றால் அவள் வீட்டுக்காரர் முத்தையா. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. வட்டத்தில் வண்டி ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டு போகும். எட்டில் இடப்பக்கம் முழுச்சுற்று, வலப்பக்கம் முழுச்சுற்று. கூட்டிக் கழித்தால் மொத்தத் திருப்பம் பூஜ்யம். நடுவில் இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வண்டி ஒரு நொடி நிமிர்ந்து, மறுபக்கம் சாய வேண்டும். இவள் இரண்டு டெஸ்டிலும் காலை ஊன்றியது அதே இடத்தில்தான். பழகியிருந்தால் அல்லவா தெரியும்?

"நீ இதை நம்புதியாட்டி?"

"நம்பலக்கா. ஆனா வண்டி அவுக வண்டி."

இந்தப் பதிலைக் கேட்டு எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை காலை ஆறு மணிக்குக் குற்றாலம். இலஞ்சியிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். பெண்கள் பக்கம் கூட்டமில்லை, தலையில் அருவி மொத்துமொத்தென்று மொத்தியும் என் கோபம் மட்டும் இறங்கவில்லை. ஈரத்தலையோடு நேரே முத்தையாவின் பழக்கடைக்குப் போனேன். சீசனில் மங்குஸ்தான் விற்பவர். கிலோ 300 ரூபாய். "அடியில இதழை எண்ணிப் பாத்து எடுங்க சார். எத்தனை இதழோ உள்ள அத்தனை சுளை. எட்டு இதழ்னா ராசியான பழம், சுளை சின்னது, கொட்டை கம்மி" என்று ஒருவருக்கு வியாபாரம் சொல்லிக்கொண்டிருந்தார். (இதழ்க் கணக்கு உண்மைதான், நான் ஆறு பழத்தை உடைத்துச் சரிபார்த்தேன்.)

விடுவேனா? "ஏன் மாப்ளே, பழத்துக்கு ஆகுத எட்டு பொண்டாட்டிக்கு ஆகாதோ?"

பழம் வாங்க வந்தவர் சிரித்துவிட்டார். முத்தையா சிரிக்கவில்லை. வந்தவர் போன பிறகு தராசைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "எட்டு மேல ஒண்ணுமில்ல மதினி. போன சீசன்ல இந்த ரோட்டுல ஒரு அம்மா வண்டியோட சறுக்கி விழுந்துட்டாங்க. நான்தான் தூக்கிவிட்டேன். ரத்தத்தைப் பாத்ததுலருந்து எனக்குப் பயம். இவ இருட்டோட தனியாப் போவா. வேண்டாம்னு எப்படிச் சொல்ல? எட்டு மேல பழியப் போட்டேன்."

அருவியில் இறங்காத கோபம் அங்கே இறங்கியது. ஆனாலும் கேட்டேன்: "சரியாப் பழகாம ரோட்டுக்குப் போனா மட்டும் விழமாட்டாளா?"

முத்தையா அன்று மூன்று மணிக்கே கடையை எடுத்துவைத்துவிட்டு, ஒரு சாக்கு நிறைய மங்குஸ்தான் தோலோடு மனைக்கு வந்து சேர்ந்தார். சாரலில் சுண்ணாம்புக் கோடு நிற்காது என்று தோலை ஒவ்வொன்றாக வரிசை வைத்து, பெரிதாக ஓர் எட்டுப் போட்டார். "முன்சக்கரத்தைப் பாக்காத, அடுத்துப் போகுத இடத்தைப் பாரு" என்று கூடவே ஓடினார். இருட்டுவதற்குள் இசக்கி நாற்பது தடவையாவது சுற்றியிருப்பாள். முதல் பத்தில் ஒன்பது முறை காலை ஊன்றினாள். கடைசிப் பத்தில் ஒருமுறைகூட இல்லை.

வியாழன் காலை டெஸ்ட் மைதானத்தில் தரை நனைந்து கிடந்தது. வரிசையில் இசக்கி எட்டாவது ஆள். உள்ளதைச் சொல்கிறேன், அவ்வளவு கணக்குப் பேசிய நானே, "ஏட்டி, பின்னால இருக்கவளை முன்னால விட்டுட்டுப் போறியா?" என்று கேட்டேவிட்டேன்.

"சும்மா இருக்கியாக்கா நீ!" என்று ஹெல்மெட்டை மாட்டினாள்.

வலப்பக்கம் சுற்றினாள். நடுவுக்கு வந்தாள். வண்டி நிமிர்ந்தது. கூட வந்திருந்த முத்தையா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இடப்பக்கம் சாய்ந்தாள், சுற்றினாள், மறுபடி நடு, மறுபடி வலம். கால் தரையில் படவே இல்லை. ஆய்வாளர் தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார். திரும்பும்போது இசக்கி முன்னால் உட்கார, முத்தையா என் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். நான் ஆட்டோவில் வந்தேன், வழி நெடுக அழுதுகொண்டு.

போகிறவர்களுக்கு: வார நாளில், விடிந்ததும் குளித்துவிடுங்கள். மழை வலுத்தால் குளிக்க விடமாட்டார்கள், கிளம்பும்முன் விசாரித்துக்கொள்ளுங்கள். சீசனில் ரோடு வழுக்கும், வண்டியில் நிதானம் வேண்டும். மங்குஸ்தான் கறை துணியில் பட்டால் போகாது. லைசென்ஸுக்குப் பழகுகிறவர்கள் எட்டை எட்டாகவே பழகுங்கள்.

வெள்ளிக்கிழமை லைசென்ஸ் போனிலேயே வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை 6.20க்கு நான் மதுரையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது இசக்கி கூப்பிட்டாள்.

"அக்கா, அச்சன்புதூர்ல ரெண்டு வீடு முடிச்சிட்டேன்."

"கை நடுங்குச்சாட்டி?"

"வண்டியில நடுங்கல. ஊசி குத்தும்போதும் நடுங்கல. ஃபாரத்துல ரத்தம் எடுத்தவர் பேருன்னு ஒரு கட்டம் இருந்துச்சுக்கா. அதுல எம்பேரை எழுதும்போதுதான் நடுங்குச்சு."