குள்ளர்களுக்கும் தூக்கம் வேண்டும்

பிரஸ் மெஷினில் தகடு அமுக்கும் வேலை பார்க்கிற என் கணவர் இரவு ஷிஃப்ட் போகிற வாரங்களில் எங்கள் வீட்டில் பகல்தான் ராத்திரி. ஒரகடத்துக்குப் பக்கத்தில், கம்பெனிக்குப் போகிறவர்களுக்கென்றே கட்டி வாடகைக்கு விட்ட வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. பகலில் யாராவது தூங்கினால் அவருடைய சேஃப்டி ஷூவை வாசலில் குறுக்காக வைத்துவிடுவோம். அதைப் பார்த்ததும் கீரை விற்கிற அம்மா கூவாமல் நடப்பார், சிலிண்டர் போடுகிறவர் உருட்டாமல் தூக்கி வருவார்.

அந்த வாரங்களில் எனக்குத் துணை ஒரு விளையாட்டு. கல்லூரியில் எனக்குக் கிடைத்த இலவச லேப்டாப்பில், கணவரின் நண்பர் பென்டிரைவில் கொண்டுவந்து ஏற்றியது. குள்ளர்கள் ஏழு பேர் ஒரு வண்டியோடு மலையடிவாரத்தில் வந்து நிற்பார்கள். மலையைக் குடைந்து அவர்களுக்கு ஓர் ஊரையே கட்டித்தர வேண்டும். அறை, வயல், பட்டறை, சாராயம் காய்ச்ச ஓர் இடம், எல்லாம். படம் என்று பெரிதாக எதுவும் கிடையாது, திரை முழுக்க எழுத்தும் புள்ளியும்தான். இங்கே தோண்டு என்று நாம் குறித்து வைக்கலாம். தோண்டுவது அவர்கள் இஷ்டம். பசித்தால் சாப்பிடப் போய்விடுவார்கள். மனம் சரியில்லை என்றால் வேலையை விட்டுவிட்டு அலைவார்கள். ஒரு பெண் கைக்குழந்தையைச் சுமந்துகொண்டே பாறை உடைப்பதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளைச் சமையலுக்கு மாற்றினேன். அடுப்புப் பக்கம் குழந்தை இருக்கலாமா என்று பிறகு அதற்கும் கவலைப்பட்டேன்.

ஒரே ஊரை நாங்கள் இருவரும் நடத்தினோம். அவர் வேலைக்குப் போனால் நான், நான் சமைக்கும்போது அவர். ஷிஃப்ட் மாறும்போது கம்பெனி லைனில் அடுத்த ஆளிடம் சொல்லிவிட்டுப் போவதுபோல நடந்ததைச் சொல்லிக்கொள்வோம். காலையில் வந்து இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்பார்.

"என்ன புள்ள, லைன் ஓடுதா?"

"ஓடுது. ரெண்டு பேர் மட்டும் தூக்கம் சரியில்லன்னு பொலம்பிக்கினு இருக்காங்க."

"நைட் ஷிஃப்டா இருக்கும், பாவம்."

அந்த விளையாட்டில் சத்தத்துக்குக் கணக்கு உண்டு. படுக்கையறைக்குப் பக்கத்தில் தோண்டினால் தூங்குகிறவர்கள் விழித்துக்கொள்வார்கள், மறுநாள் மனம் கெட்டுப்போகும். இது எனக்குப் புரியாத விஷயமா? பட்டறைகளை எல்லாம் மலையின் மறுகோடிக்குக் கொண்டுபோனேன். அவர் திறந்து பார்த்துவிட்டு, "என்ன இது, ஆஸ்பத்திரி மாதிரில்லா இருக்கு" என்றார். எனக்கு அது பாராட்டாகவே கேட்டது.

எங்கள் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் பாயில் உட்கார்ந்து டப்பாக்களை அடுக்குவாள், சத்தம் வராமல். வரிசையின் கோடி வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மா ஒருநாள் தண்ணீர் மோட்டார் போட வந்தவர் கேட்டார்.

"இன்னாமா, உன் பொண்ணு வூட்ல கீறாளா, இல்ல அம்மா வூட்ல வுட்டுட்டியா? சத்தமே காணோமே."

"இருக்காம்மா. தோ, வெளயாடிக்கினு இருக்கா."

"பேசுதா?"

நான் சிரித்து வைத்தேன். அவள் பேசவில்லை. அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. வேண்டியதை விரலால் காட்டுவாள், என் முந்தானையைப் பிடித்து இழுப்பாள், அவ்வளவுதான். போனில் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கப் பயம் கூடியது. காது கேட்கவில்லையோ? நான் அவளோடு சரியாகப் பேசவில்லையோ? இந்த லேப்டாப்தான் காரணமோ? மூடிவைத்தேன், இரண்டு நாளில் திரும்பவும் திறந்தேன். காஞ்சிபுரத்தில் ஒரு காது டாக்டரிடம் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கினேன்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு விடுமுறை. சாப்பிட்டுவிட்டு ஊரைத் திறந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் வெளியிலிருந்து அரக்கர் கூட்டம் ஒன்று வந்துவிட்டது. குள்ளர்களோ கதவை அடைக்காமல் சாராயம் குடிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஏலேய், கதவ அடைங்கலே! குடிக்கிற நேரமாலே இது!" என்று கத்தினார்.

பாயிலிருந்து மகள் எழுந்தாள். நேராக அவரிடம் போனாள். சுட்டுவிரலை உதட்டில் வைத்து, புருவத்தைச் சுருக்கி, "உஷ்ஷ்" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பேசுதாளே! உன் மக பேசுதா பாரு!" அவளைத் தூக்கிச் சுற்றினார். நான் அடுப்படிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். பிறந்ததிலிருந்து அவள் என் வாயில் அதிகம் கேட்டது அதுதானே?

"ஏ, எதுக்கு அழுத? நீ மட்டுமா சொன்ன? இந்த வரிசையே அதத்தான சொல்லுது."

"இனிமே சொல்லாம இருந்தா நீங்க எப்பிடித் தூங்குவீங்க? தூக்கக் கலக்கத்துல பிரஸ்ல கைய வச்சா?"

அவர் மகளைக் கீழே இறக்கிவிட்டார். ஒருவருடைய கையா, ஒருத்தியுடைய பேச்சா என்று நான் எப்படித் தேர்ந்தெடுப்பேன்? குள்ளர்களுக்கென்றால் அறையை மாற்றிக் கொடுத்துவிடலாம். எங்களுக்கு இருந்தது ஒரே படுக்கையறை, அதற்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய கதவு.

செவ்வாய்க்கிழமை காலையில் ஷிஃப்ட் முடிந்து வந்தவர், சட்டைப் பையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கயிறு கோத்த இயர் பிளக் ஜோடி ஒன்றை எடுத்துக் காட்டினார். பிரஸ் ஓடுகிற இடத்தில் காதில் வைத்துக்கொள்ளத் தருவது. தினமும் வேலை முடிந்ததும் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு வருவாராம்.

"அந்தச் சத்தத்துக்கே தாங்குது. இவ சத்தத்துக்குத் தாங்காதா?"

இரண்டு காதிலும் திருகி வைத்துக்கொண்டு படுத்தார். சனிக்கிழமை டாக்டரிடம் கட்டாயம் போகிறோம் என்று நான் சொன்னது அவருக்குக் கேட்கவே இல்லை.

மத்தியானம் மகளை மடியில் வைத்துக்கொண்டு விளையாட்டைத் திறந்தேன். "தோ பாரு, இவங்கல்லாம் சாப்பிடப் போறாங்க" என்று சத்தமாகச் சொன்னேன். என் குரல் வேறு யாருடையதோபோல இருந்தது. அவள் என் வாயைப் பொத்தினாள். கையை மெல்ல விலக்கிவிட்டு இன்னும் சத்தமாகச் சொன்னேன். ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்துக் கொடுத்தேன். ஒருமுறை தட்டிவிட்டு அறைக் கதவைப் பார்த்தாள். பிறகு இன்னொருமுறை. நடுநடுவே நான் எழுந்துபோய் எட்டிப்பார்த்தேன். வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

ஒருமுறை என் பின்னாலேயே அவளும் வந்தாள். கட்டிலருகே போய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"ப்பா."

அவர் அசையவில்லை. எழுப்பலாமா, எட்டு மணி நேரம் நின்று வந்த மனுஷர் ஆயிற்றே, திரும்பச் சொல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று தெரியாமல் கதவருகிலேயே நின்றேன். அவள் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள்.

நான் போய் அவருடைய ஒரு காதிலிருந்து மட்டும் அடைப்பை உருவினேன்.