குருக்களுக்கான பத்து மணி

ஒக்டோபர் வந்தால், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஹோர்சன்ஸ் நகரில் மாதா சுரூபம் எங்கள் தமிழ்க் குடும்பங்களிடையே வீடு மாறி வீடு போகும். போகிற வீட்டில் எல்லோரும் கூடிச் செபமாலை சொல்வோம். கடைசிப் பத்து மணியைக் குருக்கள் விசுவாசத்தில் நிலைத்திருக்க ஒப்புக்கொடுப்பது வழக்கம். எங்கள் வீட்டு முறை வந்தபோது அந்தப் பத்தைச் சொல்ல என்னை விட்டார்கள். ஒரு மணிக்கு ஒரு மாதா செபம்; அதன் முன்பாதியை நான் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வார்கள்.

புதிதாக வந்த சுவாமியார் எனக்கு நேரெதிரே சோபாவில் இருந்தார். அவர்மேல் எனக்கு முதல் நாளிலிருந்தே ஒரு சந்தேகம். பிரசங்கத்தை ஏழு நிமிடத்தில் முடித்துவிடுவார். பூசை முடிந்த கையோடு வெளியே போய், போனில் சிரித்துச் சிரித்துக் கதைப்பார். ஒரு குருவானவருக்கு அப்படிச் சிரிக்க யாரிடம் என்ன இருக்கிறது?

அன்றும் அவருடைய உதடுகள் அசையவில்லை என்றே எனக்குப் பட்டது. எல்லோரும் கண்ணை மூடியிருக்க, நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு செபித்தேன். அந்தக் கவனத்தில் என் விரல்கள் மணியை உருட்ட மறந்துவிட்டன.

மனைவி முழங்கையால் இடித்தாள். "இஞ்சேருங்கோ, பத்துத்தான். நீங்கள் பதினாலு சொல்லிப்போட்டியள்."

இரண்டொருவர் சிரிப்பை அடக்கினார்கள். எனக்கு முகம் சுட்டது. சுவாமியார் சிரிக்கவில்லை.

"பரவாயில்லை அண்ணை," என்றார். "எனக்கு அந்த நாலும் தேவைதான்."

பணிவாகத்தான் சொன்னார். தேத்தண்ணி கொடுத்து, அவரை ரயிலடியில் இறக்கிவிடும்வரை எனக்கு ஒரே யோசனை. மேலதிகமாக நாலு தேவைப்படும் அளவுக்கு இந்த மனிதர் அப்படி என்ன செய்திருப்பார்?