வேறு ஊரில் பறித்த கொழுந்து

பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். எழுதத் துணிந்ததை வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகன் கொரியாவில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். போன சித்திரையில் டிக்கெட் எடுத்து என்னைக் கூப்பிட்டான். பள்ளிவாசல் என்கிற மலையூர்ப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் நான் அப்போது கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். வயதாகி வேலையிலிருந்து நிற்கக் கொஞ்ச மாதமே இருந்தது. நின்றால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என் இடத்துக்குப் பிள்ளை பேர் கொடுத்து வேலைக்குச் சேர்ந்தால் வீடு நம்மிடமே இருக்கும். அவன் ஒரே பிள்ளை. வருவானா என்று கேட்கத்தான் போனேன். ஒரு வாரமாகியும் வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அந்தக் காலத்து வீடுகளை அப்படியே வைத்திருக்கும் ஓர் ஊரைச் சுற்றிப் பார்க்கக் கூட்டிப்போனான். வைக்கோல் கூரை, மண் சுவர், வாசலில் பெரிய பெரிய ஜாடிகள். ஒரு வீட்டிலிருந்து புகை வந்தது. யாரோ சமைக்கிறார்கள் என்று செருப்பைக் கழற்றினேன்.

"எம்மா, உள்ள ஆளே கிடையாது. கூரையில பூச்சி புடிக்காம இருக்க அடுப்பு மூட்டி வைக்காங்க."

ஆள் இல்லாத வீட்டுக்கு அடுப்பு. என்னால் அங்கே நிற்கவே முடியவில்லை. ஊஞ்சலைக் காட்டினான், மாவு இடிப்பதைக் காட்டினான். "ம்" என்றபடி முன்னால் நடந்தேன். அந்த மரத்தடியில் கேட்கலாம், அந்தக் கிணற்றடியில் கேட்கலாம் என்று ஒவ்வொன்றையும் தாண்டிக்கொண்டே போனேன்.

கடைசி வீட்டின் பின்னால் இடுப்பளவுக்குத் தேயிலைச் செடி, ஒரே ஒரு வரிசை. எப்படித் தொடங்குவது என்று யோசித்தபடி அதன் ஓரமாக நடந்தேன். காவலுக்கு இருந்த பெண் சத்தம் போட்ட பிறகுதான் பார்த்தேன், என் உள்ளங்கை நிறையக் கொழுந்து.

மகன் இடுப்பு வளையக் குனிந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டான். அவள் போனதும் சிரித்தான்.

"விட்டா மூட்டையே கட்டிருப்ப. இங்க யாரும் எடை போட மாட்டாங்கம்மா."

"அங்க எடை போடுறதும் இன்னும் கொஞ்ச நாளுதான்," என்றேன். அந்தப் பேச்சுவாக்கில் மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். "நீ வந்து பேர் குடுத்தா வீடு நிக்கும்டா."

சிரிப்பு நின்றது. என் கையிலிருந்த கொழுந்தை வாங்கிச் செடியடியில் போட்டான்.

"அந்த வேலைக்கு நான் வரலம்மா."

"சரி."

"அப்பாகிட்ட நான் பேசட்டா?"

"வேண்டாம். நானே சொல்லிக்கிடுதேன்."

மறுநாள் அவன் வேலைக்குப் போன பிறகு ஊரிலிருக்கும் அவன் அப்பாவுக்குப் போன் செய்து, எஸ்டேட்டுக்கு வெளியே மறையூரில் வாடகைக்கு வீடு பார்க்கச் சொன்னேன்.