வார்டு வாசலிலிருந்து ஒரு கேள்வி

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டிருந்த சமயம். இருமினாலே சிறுநீர் கசியும் தொல்லைக்காக அம்மாவுக்குச் சேலத்தில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. பேருந்து மறுபடி ஓடுகிறது என்றார்கள். கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பினோம். நான் லேப் டெக்னீசியன் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தேன். மாத்திரை, துணி, பிளாஸ்க் எல்லாம் சரிபார்த்துதான் ஏறினேன்.

சின்னசேலத்துக்குச் சற்று முன்னால் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். அம்மாவால் நிமிர முடியவில்லை. தொட்டுப் பார்த்தேன், அடிவயிறு கல்லாக இருந்தது.

"எப்பம்மா கடைசியா ஒண்ணுக்குப் போன?"

"மூத்திர டியூப எடுத்ததுலேர்ந்து போவலடி."

"நர்சம்மா கேட்டப்ப ஆச்சுன்னியே?"

"எதிர்ல உங்க சித்தப்பா நின்னுக்கினு இருந்தாரு. அந்தம்மா வாசல்லேர்ந்து கத்துது. இன்னான்னு சொல்றது?"

சேலத்து வார்டு கண்முன் வந்தது. பார்வையாளர் நேரம். கட்டிலுக்குக் கட்டில் ஆண்கள். வாசலில் நின்றபடியே நர்ஸ் வரிசையாக ஒரே கேள்வி கேட்டார், "ஒண்ணுக்குப் போச்சா?" பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு, "ஆச்சுங்க" என்றார்கள். எவ்வளவு போனது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை நம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த போராட்டக்காரர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்குன்னா நாங்க இன்னா மறிக்கவா போறோம்?" என்று ஒருவர் எழுந்தார். தன் மாட்டு வண்டியில் அம்மாவைப் படுக்கவைத்து, வயல் பாதை வழியாக ஒரு சின்ன மருத்துவமனையில் கொண்டுவந்து விட்டார்.

குழாய் போட்டதும் பை நிரம்பியது. அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. டாக்டருக்குக் கோபம். "ஏம்மா, போவலன்னா சொல்றதுக்கு இன்னா? பண்ண ஆபரேஷனே கெட்டுப்போயிருக்கும். இந்தப் பொம்பளைங்களே இப்படித்தான்."

"தனியா யாராவது கேட்டாங்களா சார்?" என்றேன். அவர் கையைக் கழுவப் போய்விட்டார்.

அங்கேயே மறுபடி குழாயை எடுத்த அன்று ஜன்னல் கம்பியிலிருந்து அடுத்த கட்டில்வரை ஒரு புடவையைக் கட்டினேன். உள்ளே அளவுக் குவளையோடு நின்றேன்.

"இதெல்லாம் இன்னா புதுசா?" என்றார் நர்ஸ்.

"அளவு பாத்துச் சொல்றேங்க."

"மொதல்ல நீ வெளிய போடி" என்றாள் அம்மா.

இப்போது நானும் ஒரு மருத்துவமனையில்தான் வேலை செய்கிறேன். 'பொம்பளைங்க வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க' என்று அங்கேயும் சொல்கிறார்கள். சொல்வதற்கு முதலில் ஒரு மறைப்பைக் கொடுங்கள், பிறகு கேளுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சண்டை போடுகிறேன். அம்மாவின் கல்லான அடிவயிறு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.