தண்ணீரில்லாக் குன்றில் ஒரு வாளி

நெய்வேலிச் சுரங்கத்தின் நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுப் பிரிவில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பொறியியல் பட்டதாரி. பணிக்காலம் முழுவதும் என்னிடம் ஒரு விளக்கக் குறிப்புகூடக் கேட்கப்பட்டதில்லை. நெய்வேலி வாசகர்களுக்கு இது தெரிந்ததே. தெரியாதவர்களும் அண்மையில் என்னைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டதால் முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

மனைவி காலமான பின் மகனுடன் வாழ இங்கிலாந்தின் தெற்கே ஷாஃப்ட்ஸ்பரி என்னும் குன்றூருக்கு வந்தேன். இங்கே என்னை முதலில் வியக்கவைத்தது, கடைவாசல்தோறும் நாய்களுக்காக வைத்திருக்கும் தண்ணீர்க் கிண்ணம். மழை பெய்து கிண்ணம் நிரம்பி வழிந்தாலும், கடைக்காரர் அதைக் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீர் நிரப்பி வைப்பார். இத்தனை தாராளம் காட்டும் இவ்வூரில் முன்பு பல நூற்றாண்டுகள் குடிக்கத் தண்ணீரே இருந்ததில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

ஆங்கிலேயர் இன்றும் பெருமையோடு நினைக்கும் பழைய அரசர் ஒருவர் இக்குன்றின்மேல் கன்னியர் மடம் ஒன்றை எழுப்பி, தம் மகளையே அதன் முதல் தலைவியாக்கினார். பின்னர், கொலையுண்ட இளம் அரசன் ஒருவனின் எலும்புகளை இங்கே கொண்டுவந்து வைக்க, அவற்றை வணங்க யாத்திரிகர் திரண்டனர். ரோமாபுரியோடு முரண்பட்ட இன்னொரு அரசர் காலத்தில் மடம் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் ஊராரின் வீட்டுச் சுவர்களுக்குள் போய்விட்டன. இப்போது புல்வெளியில் அடித்தளக் கோடுகள் மட்டுமே தெரிகின்றன. அருகே, உருண்டைக் கல் பாவிய கோல்ட் ஹில் தெரு செங்குத்தாக இறங்குகிறது. ஒரு பக்கம் மடத்தின் முட்டுச்சுவர், மறுபக்கம் படிப்படியாகத் தாழும் கூரைவீடுகள். படம் எடுப்போர் கூட்டம் அங்கே குறைவதே இல்லை. எனக்கு அத்தெருவைவிட, அடிவாரத்து என்மோர் கிரீன் ஊற்றுகளே முக்கியமாகப்பட்டன. குன்றின்மேலிருந்தவர்கள் அங்கிருந்துதான் குதிரைமீதும் தோள்மீதும் தண்ணீர் ஏற்றினார்கள். ஆண்டுதோறும் ஊர்ப் பெரியவர்கள் ஆடிப்பாடிக்கொண்டு கீழே இறங்கி, கன்றின் தலை, கையுறை, ரொட்டி, பீர் ஆகியவற்றை ஊற்றுக்குரியவரிடம் ஒப்படைத்து நன்றி தெரிவித்தார்களாம்.

தண்ணீரோடு எனக்கிருந்த உறவு நேர்மாறானது. நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கு அடியிலிருந்து நீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும். பம்புகள் நின்றால் சுரங்கத்தின் தரையே புடைத்தெழும். மழையோ, பொங்கலோ, என் வீட்டுத் திருமணமோ, பம்பு ஓடுகிறதா என்றுதான் முதலில் கேட்பேன். வெளியேற்றிய நீரில் ஒரு பகுதி சேத்தியாத்தோப்புப் பக்கம் வயலுக்குப் போகும். அங்கிருந்து வந்த விவசாயி ஒருவர் என் அறை வாசலில் நின்று, “சார், நீங்க தண்ணி வேணாம்னு எறைக்கிறீங்க, நாங்க வேணும்னு காத்துகினு கெடக்கறோம். ரெண்டு பேருக்கும் ஒரே சாமிதானுங்களா?” என்று கேட்டார். அவரை உட்காரச் சொல்லிக் காபி வரவழைத்தேன்.

மடத்தின் இடிபாடுகளைக் காட்டும் தன்னார்வலர் மார்கரெட் என்ற அம்மையார், ஊற்று அடிவாரத்தில் மட்டும் இருப்பது விந்தை என்று ஒருநாள் கூட்டத்தாரிடம் சொன்னார். நான் குறுக்கிட நேர்ந்தது. மேலே பெய்யும் மழையை மணற்பாறை விழுங்கிவிடும். அடியிலுள்ள களிமண் அதைத் தடுத்துப் பக்கவாட்டில் தள்ளும். விந்தை ஒன்றுமில்லை என்று விளக்கினேன். “யூ மஸ்ட் டூ தேர்ஸ்டேஸ் ஃபார் அஸ்!” என்றார் அவர். வியாழக்கிழமைதோறும் சொற்பொழிவாற்ற அழைக்கிறார் என்று கருதி, அந்த வியாழனன்று கோட்டும் டையும் அணிந்து, குறிப்புகளோடு போனேன். அவர் என் சட்டைப்பையில் பெயர்ப்பட்டையைக் குத்தி, கையில் நன்கொடை வாளியைக் கொடுத்தார். திகைத்தேன். எனக்கு முன் அதைப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி என்று அறிந்ததும் வாங்கிக்கொண்டேன். முதலில் வாசலில் வாளி, பிறகு சுற்றிக்காட்டுதல் என்பதுதான் இங்குள்ள முறை.

இந்தக் கோடையில், என்னிடம் ஃபோர்மேனாக இருந்த, நெய்வேலிக்குப் பக்கத்து வடக்குத்து ஊர்க்காரர் கலியபெருமாள், மகளைப் பார்க்க இங்கிலாந்து வந்தவர், மனைவியோடு என்னைத் தேடி வந்தார். மடத்து வாசலில் என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

“என்னா சார் இது! நீங்க போயி வாளிய புடிச்சிகினு நிக்கிறீங்க?”

“இது இங்கே வழக்கம், கலியபெருமாள்.”

“என்னா வழக்கமோ, எனக்குக் கண்ணால பாக்க முடியல. குடுங்க இப்பிடி.”

பிடுங்கிக்கொண்டார். மதியம் முழுவதும் வாளியைத் தரவே இல்லை. வருவோருக்கெல்லாம் ஒரு கையால் வணக்கம் வேறு. மார்கரெட் மகிழ்ந்துபோய் அவருக்கும் ஒரு பெயர்ப்பட்டை குத்திவிட்டார். “பாத்தீங்களா சார், வந்த அன்னைக்கே என்னைப் பர்மனென்ட் ஆக்கிட்டாங்க!” என்றார் அவர். நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆனால் அவர் வாளியைப் பிடுங்குவதற்கு முன்பே அவர் மனைவி ஒரு படம் எடுத்திருந்தார். அது நெய்வேலிக்குப் போய், ஓய்வுபெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்துவிட்டது. வெள்ளைக்காரப் பெண்மணி நாணயம் போட, நான் வாளியோடு தலை குனிந்து நிற்கிறேன். ‘மகன் கைவிட்டதால் கோயில் வாசலில் கையேந்தும் நம் சீஃப்’ என்று யாரோ எழுதிவிட்டார்கள். என்னோடு பணியாற்றிய சுந்தரம் அழைத்து, “பென்ஷன் பத்தலைன்னா சொல்லக்கூடாதாய்யா? நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?” என்று அழுதார். கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். வாழ்நாள் முழுவதும் காத்த பெயர், அவர் இரக்கத்துக்கு முன்னால்தான் சிறுத்துப்போயிற்று. மகன் சாப்பாட்டைத் தொடாமல், “அப்பா, இனிமே போகாதீங்க. ஊர்ல எம்பேரும்தான் கெடுது” என்றான். கலியபெருமாளோ தொலைபேசியில், “எவன் எழுதுனான்னு சொல்லுங்க சார், அவன் வூட்டுக்கே போறேன்” என்று கொதித்தார். அவரை அமைதிப்படுத்தவே நேரம் போதவில்லை.

போவதை நிறுத்திவிட்டால் எழுதியவர்கள் சொன்னது உண்மையாகிவிடும். அடுத்த வியாழக்கிழமையும் போனேன். மடத்தின் மதில் ஓரத்தில் கூட்டத்தை நிறுத்தி, தண்ணீர் ஏறிவந்த பாதையைக் காட்டினேன். இக்குன்றுக்கு அடியிலிருந்து எந்த நீரும் பொங்கி எழப்போவதில்லை என்பது என் படிப்புக்குத் தெரியும். பாதங்கள் மட்டும் ஷூவுக்குள் பம்புகளின் அதிர்வைத் தேடின. அது இல்லாத தரையில் நின்றுகொண்டே பேசி முடித்தேன்.

எழுதியவர்கள் குறித்துக்கொள்ளட்டும். அது கோயில் அன்று, இடிந்த மடம். வாளி அதன் பராமரிப்புக்கானது. நான் அங்கே ஊதியம் பெறுவதில்லை. மகன் என்னைக் கைவிடவில்லை. படத்தில் நான் தலை குனிந்திருப்பது உண்மை. படத்திலுள்ள அந்தப் பெண்மணி நாணயத்தை வாளிக்கு வெளியே தவறவிட்டார். அது எங்கே விழுந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.