மெர்சியின் பல் வெளுத்த கதை

எலுமிச்சைச் சாற்றில் ஒரு சிட்டிகை ஆப்பசோடாவைப் போட்டால் ‘சொய்ங்’ என்று ஒரு சத்தத்தோடு நுரை பொங்கி வரும். அந்த நுரை அடங்குவதற்குள் விரலால் வழித்து என் தோழி மெர்சியின் மேல்வரிசைப் பற்களில் நான் தேய்த்துவிட, கண்களை இறுக மூடிக்கொண்டு, புளிப்பு தாங்காமல் ஒரு காலை மட்டும் தரையில் உதைத்தபடி அவள் நின்ற அந்த அடிபம்புத் திண்டும், என் விரல் நுனியின் எரிச்சலும் இப்போதும் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன. எங்கள் இருவருக்கும் அப்போது பதின்மூன்று வயது.

கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு சந்தில், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தது மெர்சியின் குடும்பம். கூட்ஸ் வண்டி போகும்போது சந்தில் யார் பேசினாலும் காது கேட்காது என்பதால், வண்டி போய் முடியும்வரை எல்லாரும் பாதி வாக்கியத்தில் வாயைத் திறந்தபடி காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பைக்கூட மெர்சி நடித்துக் காட்டுவாள். ரேஷன் கடைக்காரர், கணக்கு டீச்சர், கோயிலில் தூங்கி விழும் பாட்டுக்காரர் என்று அவள் வாயில் விழாதவர்களே கிடையாது. வாயை அகலத் திறந்து, தொண்டை தெரியச் சிரிப்பாள். அப்படிச் சிரிக்கும்போது மேலே நாலு முன்பற்களிலும் குறுக்கே கோடு கோடாய்ப் பழுப்பு நிறக் கறை தெரியும். “கைக்கொயந்தையா கீறப்போ ஜொரம் ஜொரம்னு மருந்து மேல மருந்து குட்த்தோம், அதான் பல்லு இப்டி மொளச்சுக்கிச்சு” என்று அவள் அம்மா ஆரோக்கியம் அத்தை சொல்வார். மெர்சி அதைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை, நான் வாயைத் திறக்கும்வரை.

என் அப்பா துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் இடத்தில் வேலை பார்த்தார். வேலை முடிந்து வரும்போது, சந்து முனையிலிருந்தே அவருடைய இருமல் கேட்கும். இருமலும் நடையுமாக, முழங்காலில் கை ஊன்றி நின்று நின்று வருவார். ஒரு மாலை, பிள்ளைகள் எல்லாம் கூடியிருந்தபோது மெர்சி அந்த இருமலை இருமிக் காட்டினாள். அச்சு அசலாக இருந்தது. சிரிக்காதவர்கள் இல்லை. நானும் ஒரு நொடி சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. “மொதல்ல உன் துருப்பல்ல பார்ரீ! கூட்ஸ் வண்டி மாதிரி துருப்புடிச்சிக் கீது” என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள். அடுத்த நாளே சந்து முழுக்க அவளுக்குத் ‘துருப்பல்லு’ என்று பெயர் விழுந்துவிட்டது. அந்த வாரத்திலேயே பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. மெர்சி உதட்டை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகினாள், பிறகு கையால் வாயை மறைத்தாள், பிறகு சிரிப்பதையே விட்டாள். ஆண்டு விழா நாடகத்தில் வாயாடி வீட்டுக்காரம்மா வேடம் அவளுக்கென்றே எழுதப்பட்டது. அதையும் வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்து, பெஞ்சில் என் பக்கத்தில் ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்தாள். என்னோடு சண்டைகூடப் போடவில்லை.

போட்டிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ. குறுகுறுப்பு தாங்காமல், அந்தப் பல்லை நானே வெள்ளையாக்கித் தருவது என்று முடிவு செய்தேன். எங்கள் சந்தில் வாரப் பத்திரிகையை அட்டையிலிருந்து அட்டை வரை படிக்கிறவள் நான் ஒருத்திதான். அழகுக் குறிப்புப் பக்கத்தில் வழி இருந்தது. முதலில் அடுப்புக்கரியும் உப்பும். ஈறிலிருந்து ரத்தம் வந்தது, கறை அசையவில்லை. அதற்கப்புறம் எலுமிச்சையும் ஆப்பசோடாவும். பத்து நாள் விடாமல் தேய்த்ததில் பல் கூசத் தொடங்கியதே ஒழிய, கோடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆரோக்கியம் அத்தை ஒருமுறை எட்டிப் பார்த்து, “இன்னாடி பண்றீங்க?” என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் நான் நிற்பதைக் கண்டதும், “நீ கூட கீறியா, அப்ப சரி. படிக்கிற பொண்ணு, உனுக்குத் தெரியாததா” என்று துணி துவைக்கப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவோடு பாத்திரம் வாங்க யானைக்கவுனிக்குப் போனேன். நடைபாதையில் ஒரு துணியை விரித்து, பல் செட்டுகளையும் சின்னச் சின்னப் பாட்டில்களையும் பரப்பிவைத்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். குச்சியில் பஞ்சைச் சுற்றிப் பாட்டிலில் தோய்த்து, எதிரே குந்தியிருந்த ஒரு ரிக்‌ஷாக்காரரின் வெற்றிலைக் காவி ஏறிய பல்லில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். இழுத்த இடம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்தது. கூட்டம் ‘ஆ’ என்றது. அம்மா குடத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது நான் அவரிடம் போய் ஒரு பாட்டில் கேட்டேன்.

“யாருக்கும்மா?” என்றார்.

“எங்க அண்ணனுக்கு” என்றேன். எனக்கு அண்ணனே கிடையாது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். கொடுக்கும்போது, “பஞ்சுல தொட்டு ஒரு இழுப்பு, ஒடனே கொப்புளிச்சுரணும். வர்ஷத்துக்கு ஒரு தபாதான். ஆசைப்பட்டு திருப்பித் திருப்பிப் போட்டா பல்லு மாவாப் பூடும், சொல்லிட்டேன்” என்றார்.

பஞ்சையும் இழுப்பையும் கொப்புளிப்பதையும் மெர்சியிடம் சொன்னேன். ‘ஒரு தபாதான்’ என்பதை அன்று சொல்ல மறந்துவிட்டேன் என்றுதான் வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பல் வெளுத்தது. ஒருவிதமான பளபளப்பில்லாத, சாக்பீஸ் வெள்ளை. கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் முதலில் அழுதாள், பின்பு பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “டாக்டரம்மா! நீ இல்லாங்காட்டி நான் வாயையே தெறந்துருக்க மாட்டேன்டி” என்றாள். அந்த வாயை மூட வைத்தவளும் நான்தான் என்பதை அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மறுநாளே டீச்சரிடம் போய் வேடத்தைத் திருப்பி வாங்கினாள்.

ஒரு வாரத்தில் பழுப்புக் கோடு மெல்ல மறுபடியும் தெரிந்தது. ஆண்டு விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. “இன்னொரு தபா போட்டுக்கினா இன்னா? ஒண்ணும் ஆவாதுல்ல?” என்று கேட்டாள். நடைபாதைக்காரர் சொன்ன சொல் அந்த நிமிஷம் என் காதில் தெளிவாக ஒலித்தது. சொன்னால் பாட்டிலைத் தூக்கி எறியவேண்டும்; அவள் மறுபடி கையால் வாயை மூடிக்கொள்வாள்; நானும் டாக்டரம்மாவாக இல்லாமல், பட்டப்பெயர் வைத்தவளாகவே திரும்பிவிடுவேன். “ஒண்ணும் ஆவாது” என்றேன். அந்த இரண்டு சொற்களை, விழாவுக்குள் மூன்றுமுறை சொன்னேன்.

விழாவன்று மெர்சி மேடையில் வீட்டுக்காரம்மாவாக நின்று வாடகைக்காரரை விரட்டியபோது ஹாலே குலுங்கியது. என் அப்பா இருமி இருமிச் சிரித்தார். ஆரோக்கியம் அத்தை பக்கத்திலிருந்தவர்களிடமெல்லாம், “எம் பொண்ணு, எம் பொண்ணு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் குச்சி ஐஸ் வாங்கி இருவரும் ஆளுக்கொரு கடி கடித்தோம். மெர்சி அலறி ஐஸைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தவள் நிமிரவே இல்லை.

அதற்குப் பிறகு அவளால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை. ஒரு மாதத்தில் முறுக்கு கடித்தபோது முன்பல் ஒன்று ஓரத்தில் உதிர்ந்தது, அடுத்தது தானாகவே விண்டது, ஈறு வீங்கிச் சீழ் வைத்தது. அரசு ஆஸ்பத்திரிக்கு அத்தையோடு நானும் போனேன். “பல்லுல என்னம்மா போட்ட?” என்று டாக்டர் அதட்டினார். மெர்சி என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, “எலுமிச்சம்பயம்” என்றாள். இரண்டு முன்பற்களைப் பிடுங்கினார்கள். சில நாள் கழித்து அவர்கள் வீட்டு அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து பாட்டில் அகப்பட்டபோதும், “நான்தான் வாங்கினேன்” என்று அம்மாவிடம் அடி வாங்கினாள். அத்தை என் பக்கம் திரும்பி, “மினுக்கணும்ன்ற பேராசைல பல்லயே பூட்டா பாரு. நீயாச்சும் கூட இருந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சொல்லியும் அவள் கேட்காததுபோல அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் என் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார்.

கழற்றி மாட்டும் பல் செட்டு பிற்பாடு வந்தது. அதை வைத்துக்கொண்டு பேசினால் நழுவும் என்பதால் நடித்துக் காட்டுவது நின்றுபோனது. எட்டாவதோடு நாங்கள் வேறு வேறு பள்ளி. அவள் கல்யாணமாகி எண்ணூருக்குப் போனாள், நான் பெரம்பூருக்கு வந்தேன். கல்யாணம், காதுகுத்து, சாவு என்று பார்த்துக்கொண்டபோதெல்லாம் நன்றாகவே பேசிக்கொண்டோம்.

சென்ற மாதம், கல்லூரியில் படிக்கும் என் மகள் கைபேசியில் பார்த்து வரவழைத்த கரித்தூள் டப்பாவையும் பல்லில் ஒட்டும் பட்டைகளையும் கண்டு நான் போட்ட சத்தத்தில் அவள் பயந்தே போனாள். அவளைப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அந்தப் பெண் மருத்துவர் பொறுமையாகவே சொன்னார்: “டீ, காபிக் கறைக்குப் பாதி நேரம் க்ளீனிங் பண்ணினாலே போதும். வெள்ளையாக்கணும்னா அதுக்குன்னு ஜெல் இருக்கு. பல்லையும் ஈறையும் பார்த்துட்டு, சரியான அளவுல போட்டா பெரிசா ஆபத்தில்ல. கொஞ்ச நாள் கூசும், அப்புறம் சரியாயிடும். ஆனா அப்படியே நிக்காது, மறுபடி மங்கும். கரித்தூள் பல்லைச் சுரண்டும், எலுமிச்சை அரிக்கும். ரெண்டும் வேண்டாம்.”

மகளை வெளியே உட்கார வைத்துவிட்டு மெர்சியைப் பற்றிக் கேட்டேன். சின்ன வயதில் சில மருந்துகள் கொடுத்தால் பல் முளைக்கும் முன்பே கறை உள்ளே இறங்கிவிடும், மேலே எதைத் தேய்த்தாலும் போகாது, இப்போது மாதக்கணக்கில் ஜெல் வைத்துக் கொஞ்சம் வெளுக்க வைக்கலாம், இல்லாவிட்டால் மேலே மெல்லிய உறை போட்டு மறைக்கலாம் என்றார். அந்தப் பாட்டிலைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. “அது ஆசிட். வெள்ளையாத் தெரிஞ்சது கறை போனதால இல்லைங்க, பல்லோட மேல்பூச்சு கரைஞ்சதால. அது திரும்ப வளரவே வளராது. ஒரு தடவையே தப்பு. நாலு தடவையா?”

அந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணூருக்குப் போனேன். மெர்சி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு உட்கார வைத்தாள். சுற்றி வளைக்காமல், நடைபாதைக்காரர் என்ன சொன்னார், நான் எதை மறைத்தேன் என்பதைச் சொல்லி முடித்தேன். அவள் வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“அவன் எப்ப சொன்னான்? மொத தபா வாங்கறப்பவேவா?”

“ஆமா.”

“தெரிஞ்சேதான் ஒண்ணும் ஆவாதுன்னியா?”

“தெரிஞ்சேதான்.”

“நான்தான் பேராசைப்பட்டு பூசிக்கினேன்னு நெனச்சிக்கினு கீறேன்டி, இன்னி வரிக்கும்” என்றாள். குரல் உயரவில்லை. “எங்கம்மா சாவுற வரிக்கும் அதான் பேச்சு. எம் பொண்ணு பவுடர் போட்டா, உங்கம்மா மாதிரி மினுக்காதேன்னும். அவ அதக் கேட்டுக்கினுதான் வளந்தா. அம்மா இருந்தப்பவே வந்து சொல்லியிருக்கக் கூடாதா?”

மன்னிப்பு என்ற சொல்லை நான் எடுப்பதற்குள் அவள் உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள். இருபது வயதுப் பெண் தலையைத் துவட்டியபடி வந்து நின்றாள். மெர்சி என்னைக் காட்டி, “இன்னொரு தபா சொல்லு. மொத்தமும் சொல்லு. அவ கேக்கட்டும்” என்றாள்.

இரண்டாம் முறை சொல்வது முதல் முறையைவிடக் கடினமாக இருந்தது. அப்பாவின் இருமலில் தொடங்கி, இல்லாத அண்ணன், அத்தை முன்னால் குனிந்த என் தலை வரை ஒன்றையும் விடாமல் சொன்னேன். அந்தப் பெண் என் பக்கம் பார்க்கவே இல்லை. கேட்கக் கேட்கத் தன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யானைக்கவுனி நடைபாதையில் இப்போது அப்படி யாரும் துணி விரித்து உட்கார்ந்திருக்கக் காணோம். எங்கள் சந்தில் பாதி வீடுகளை இடித்துவிட்டார்கள். அதற்கெல்லாம் நான் வருத்தப்படுவதில்லை. ஆரோக்கியம் அத்தை இல்லை. அவர் என் தலையைத் தடவிக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க எனக்கு இனி வழியில்லை.